மந்திரிக்குக் கொடுத்த விலை

கரண்ட் இருக்கிற வரைக்கும் தவசிலிங்கம் யோக்கியமான ஆள். மாவு மில் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அவரும் வாயைத் திறப்பதில்லை. கொடுத்த கம்பைக் கம்பாகவே அரைத்து, ஒரு பிடி மாவு குறையாமல் டின்னில் தட்டிக் கொடுப்பார். கீழப்பாறைப்பட்டியில் அவருடைய மாவைக் குறை சொன்னவர்கள் ஒருவரும் கிடையாது. கரண்ட் போய், பெல்ட் நின்று, தூசி அடங்கியதும்தான் வினை. டின்னை வரிசையில் வைத்தவர்கள் இடம் போய்விடுமே என்று எழுந்து போக மாட்டார்கள். உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் தவசிலிங்கத்துக்கு நாக்கு அரிக்கும்.

அரிப்பு எங்கே தொடங்கினாலும் மந்திரியில்தான் போய் முடியும். மந்திரி அவருடைய நாய். ஒல்லி உடம்பு, நீளமான மூஞ்சி, கண்ணுக்கு மேல் ரெண்டு செம்பொட்டு. பிறவியில் கறுப்பு. பகல் முழுக்க மில்லிலேயே கிடப்பதால் முக்கால்வாசி நேரம் வெள்ளை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் கன்னி என்று ஒரு வேட்டை நாய் உண்டு. சில குடும்பங்களில் அதைக் காசுக்கு விற்க மாட்டார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீரோடு சீராகப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். பைக்கும் பீரோவும் வந்த பிறகு இந்த வழக்கம் தேய்ந்துவிட்டது, ஆனால் செத்துப் போகவில்லை. ஆகவே கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிறவன் வெளியாள் காது கேட்க நாயைப் புகழக் கூடாது. தவசிலிங்கத்துக்குச் சித்திரைக்கனி என்று இருபத்து நாலு வயதில் ஒரே ஒரு பெண் இருந்தாள். அந்த வழக்கம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் கேட்க வேண்டுமே.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. மில்லில் வழக்கமான கூட்டம். மிளகாய் டின்னோடு குருவம்மா இருந்தாள். தவசிலிங்கம் வாயைத் திறந்தாலே "அளக்காத" என்று மூடுகிறவள் அவள்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சங்கிலி, கேழ்வரகுப் பையின் மேல் சாய்ந்திருந்தார். இவர்களோடு யாரென்று தெரியாத ஒரு ஆளும் அரை மூட்டை சோளத்தோடு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நிதானமான முகம்.

அந்த ஆள் பெல்ட்டுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த மந்திரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் முதுகில் ஏறி நின்று ஒரு கோழி சிந்திய சோளத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"நல்ல நாயாத் தெரியுதே. என்ன வெல குடுத்தீக?"

குருவம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கேட்டீகளாக்கும்! போச்சு. இனிமே கரண்ட் வந்தாலும் எந்திரிக்க முடியாது."

தவசிலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இப்படி மரியாதையாகக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!

"வெலையா? அண்ணாச்சி, இந்த மில்லுக்குப் பக்கத்துல இன்னொரு மில்லு இருந்துச்சு. இதை விடப் பெரிசு. ரெட்டை மோட்டாரு. அதைக் கட்டடத்தோட பேத்துக் குடுத்துத்தான் இவனை வாங்குனேன்."

"ஏய்யா தவசி," என்றார் சங்கிலி, "நீ காட்டுற எடத்துல வேப்பமரம்ல நிக்குது? எங்கய்யா காலத்து மரம்."

"மில்லு போன பெறகு நட்டது. மாவு ஊறுன மண்ணு. நாலு மாசத்துல அந்த உசரம் வந்திருச்சு."

புது ஆள் சிரிக்கவில்லை. "அப்புறம்?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் தவசிலிங்கம் கவிழ்ந்தார். முப்பது வருஷமாக மில் நடத்துகிறார். "போதும்" கேட்டிருக்கிறார், "அளக்காத" கேட்டிருக்கிறார், "அப்புறம்" கேட்டதே இல்லை.

"அப்புறம் என்ன, வாங்கிட்டு வந்த மறுநாளே கண்மாய்க்குள்ள ஒரு முயலு ஓடுது. இவன் ஒரு கொரைப்புக் கொரைச்சான், பாஞ்சான். முயலக் கொண்டாந்து என் கால்ல போட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு, காலை நீட்டிப் படுத்துட்டான். அப்பத்தான் அண்ணாச்சி, கண்மாய்ப் பக்கமிருந்து அந்தக் கொரைப்புச் சத்தம் வந்து சேருது!"

"சத்தத்துக்கு முன்னாடி நாய் வந்திருச்சாக்கும்?" என்றாள் குருவம்மா.

"சத்தமாவது பரவாயில்ல தாயி. மலையடிப்பட்டி பஸ்ஸை ஒருநாள் தொரத்திக்கிட்டுப் போனான். பஸ்ஸைத் தாண்டிட்டான். திரும்பிப் பாத்தா இவன் நெழலைக் காணோம். அது அரை மைல் பின்னால நாக்கைத் தள்ளிக்கிட்டு வந்துக்கிட்டிருக்கு. பாவம்னு நின்னு, அதைக் கூட்டிக்கிட்டுப் போனான்."

"நான் இருபத்தாறு வருசம் அந்த ரூட்ல ஓடுனவன்," என்றார் சங்கிலி. "ஒரு நாயும் எங்களத் தாண்டுனதில்ல. எரும தாண்டியிருக்கு."

"நீ உள்ள டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருப்ப. ஒனக்கென்ன தெரியும்?"

"அப்புறம்?" என்றார் புது ஆள்.

தவசிலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்து மந்திரியின் மூக்குக்குப் போனார். கம்பு மாவில் ஒரு கைப்பிடி கேழ்வரகு கலந்திருந்தால் மந்திரி மூன்று முறை குரைப்பானாம். கோழி திருடியவனைப் பிடிப்பது எல்லா நாயும் செய்கிற வேலை. மந்திரி, திருடலாமா என்று வீட்டில் படுத்துக்கொண்டு யோசிப்பவனையே போய்க் கவ்வி இழுத்து வருவானாம். "போன ஆடிக்கு இப்படித்தான் ஒருத்தனை இழுத்துக்கிட்டு வந்தான். 'நான் என்ன தப்புப் பண்ணேன்'னு அவன் அழுவுறான். 'ஒன்னும் பண்ணல, நாளைக்குப் பண்ணப் போற'ன்னு சொல்லி ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புனேன். அதுலருந்து திருந்திட்டான்."

"ஆளு யாரு?" என்றாள் குருவம்மா.

"திருந்துனவன் பேரைச் சொல்லலாமா? நாளைக்கு அவன் பொண்ணு எடுக்கணும், குடுக்கணும்."

கோழி மந்திரியின் முதுகிலிருந்து தலைக்கு மாறியது. மந்திரி ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு மறுபடியும் தூங்கினான்.

"இதெல்லாம் சில்லறை," என்றார் தவசிலிங்கம். குரல் இறங்கிவிட்டது. பெரிய சரக்கு வருகிறது என்று அர்த்தம். "மேக்கு மலையிலருந்து ஒரு யானை வந்துச்சு. நம்ம சேவுகன் கெடை போட்டிருந்தான்ல, தெக்குப் புஞ்சையில? ஆடு அடைச்சிருந்தான். இவனைக் காவலுக்கு விட்டிருந்தேன். விடிஞ்சு போயி சேவுகன் ஆட்டை எண்ணுறான். நூத்தி நாப்பது இருக்கணும். நூத்தி நாப்பத்தொன்னு இருக்கு. மறுபடி எண்ணுறான். அதே நூத்தி நாப்பத்தொன்னு. என்னடான்னு ஒன்னொன்னாத் தடவிப் பாத்தா, அதுல ஒன்னுக்குத் தும்பிக்கை இருக்கு!"

"எண்ணிப் பாத்துத்தான் தெரிஞ்சதாக்கும்? நடுவுல நின்னா கண்ணுக்குத் தெரியாதா?" குருவம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"எப்படித் தெரியும்? மந்திரி மொறைச்ச மொறைப்புல அது ஆட்டு ஒசரத்துக்கு ஒடுங்கிப் போயிருக்கு. சேவுகன் தடவிப் பாத்துத்தான் கண்டுபிடிச்சான்."

புது ஆள் மெதுவாகத் தலையை ஆட்டினார். "இப்ப யாராச்சும் வெலைக்குக் கேட்டா குடுப்பீகளா?"

"கேக்காமலா? கோயமுத்தூர்லருந்து ஒரு மொதலாளி. காரை நிறுத்துனார், சாவியக் கையில குடுத்தார், நாயைக் குடுங்கன்னார். அந்தக் காரோட மந்திரிய ஓடவிட்டுப் பாத்தேன். 'ஐயா, ஒங்க வண்டி மெதுவாப் போகுது, எனக்கு ஒத்து வராது'ன்னு சாவியத் திருப்பிக் குடுத்துட்டேன்."

கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் உறுமியது. புது ஆள் சோளத்தை அரைத்து வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்குச் சாப்பிடும்போது தவசிலிங்கம் மனைவி ராமுத்தாயிடம், "ஒரு நல்ல மனுசனைப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நல்ல மனுஷன் ஞாயிற்றுக்கிழமை காலை வெற்றிலை பாக்கு, பழத்தட்டு, மனைவி சகிதம் வேனில் வந்து அவர் வீட்டு வாசலிலேயே இறங்கினார்.

விஷயம் இதுதான். சித்திரைக்கனிக்குச் செவல்மேட்டிலிருந்து ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையன் பெயர் ராஜகுரு. சிவகாசியில் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். பெண்ணும் பையனும் சாத்தூர்க் கோயிலில் ஒருவரையொருவர் பார்த்துச் சரி என்று சொல்லியாயிற்று. பையனின் அப்பாவைத்தான் இவர்கள் பார்த்ததில்லை. பெயர் வெயிலுமுத்து, ஆட்டு வியாபாரம் என்று மட்டும் தெரியும். பெண் வீட்டைப் பற்றி அந்த ஊரிலேயே போய் யாருக்கும் தெரியாமல் விசாரிப்பது உலக வழக்கம். வெயிலுமுத்து அரை மூட்டைச் சோளத்தோடு பெண்ணின் அப்பனிடமே வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

தவசிலிங்கத்துக்கு யானை ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் வெயிலுமுத்து முகத்தில் அதே நிதானம். காப்பி குடித்தார், மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். ஒத்தாசைக்கு வந்திருந்த குருவம்மாவும், ஊர்ப் பெரியவராக உட்கார்ந்திருந்த சங்கிலியும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமுத்தாய் கதவோரம் நின்றாள். அவளுக்குப் பின்னால் சித்திரைக்கனி.

"நகை நட்டு நாங்க கேக்கல," என்றார் வெயிலுமுத்து. "பைக் அவனே வாங்கிக்கிட்டான். ஒங்க பொண்ணுக்கு என்ன போடுவீகளோ அது ஒங்க பிரியம்."

ராமுத்தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மூன்று வருஷமாக இந்த ஒரு கவலையில் அவள் தூக்கம் கெட்டுப் போயிருந்தது.

"ஒன்னே ஒன்னு. எங்க குடும்பத்துல வீட்டுக்கு வர்ற பொண்ணு கன்னி நாயோட வரணும். எங்கம்மா அப்படித்தான் வந்தாக, இவளும் அப்படித்தான் வந்தா. அந்த மந்திரியப் பொண்ணோட அனுப்பிச்சிருங்க, போதும்."

தவசிலிங்கத்தின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காப்பி வேட்டியில் கொட்டியது. சூடு கூட அவருக்கு உறைக்கவில்லை.

மந்திரியைக் கொடுப்பதா? ஊரில் வாயுள்ள ஒவ்வொருவரும் அவரை நடுவில் வெட்டியிருக்கிறார்கள். ராமுத்தாய் கல்யாணமான மூன்றாம் நாளே காதை மூடிக்கொண்டாள். மந்திரி ஒருவன்தான் ஏழு வருஷமாக ஒவ்வொரு கதையையும் கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறான். ஒருநாள் கூடச் சந்தேகப்பட்டதில்லை. அவனுக்குப் பதிலாக வேறு எதைக் கேட்டாலும், மில்லையே கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

உடனே வேலையைத் தொடங்கினார். ஏற்றிய வாய்தானே, இறக்கத் தெரியாதா?

"குடுக்குறதுல ஒன்னுமில்ல சம்பந்தி. ஆனா ஒங்களுக்குக் கட்டுப்படியாகாது. தீனி! ஒருவேளைக்கு ஒரு மூடை குருணை. அதுவும் வெறுங்குருணை எறங்காது. தொட்டுக்க ஒரு தூக்குக் கறி. போன பொங்கலுக்குப் பானையோட முழுங்கிட்டான். மூணு நாளு வயித்துக்குள்ள பானை உருண்ட சத்தம் கேட்டுச்சு."

"ஆட்டு யாவாரம்தான சம்பந்தி. தின்னுட்டுப் போகட்டும்."

"கொரைச்சான்னா வீடு தாங்காது. அந்தச் செவுத்துல கீறல் பாக்குறீகளா? ஒரே கொரைப்பு. இன்னும் ரெண்டு கொரைச்சிருந்தா நாங்க ரோட்டுல நின்னிருப்போம்."

"நம்ம வீடு காங்கிரீட்டு."

தவசிலிங்கம் இன்னொரு படி இறக்கினார். "அதை விடுங்க. கடி! யாரைக் கடிச்சாலும் பரவாயில்ல. சம்பந்தம் பேச வர்றவுகளப் பாத்தா மட்டும் இவனுக்கு ஆகாது. இதுக்கு முன்னால வந்த நாலு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையும் கடிச்சு வெரட்டிட்டான். ஒருத்தர் இன்னும் உக்கார முடியாம நின்னுக்கிட்டேதான் சாப்புடுறாராம்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது. வெயிலுமுத்துவின் மனைவி பவுனுத்தாய் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினாள்.

"நாலு வரனா? பொண்ணுக்கு இதான் மொத வரன்னு சொன்னாகளே?"

ராமுத்தாய் புருஷனைப் பார்த்த பார்வையில் யானை நிஜமாகவே ஆடாகியிருக்கும். கதவுக்குப் பின்னால் சித்திரைக்கனியின் முகம் வாடிப்போனது. நாலு வரன் தட்டிப் போன பெண் என்றால் யார் என்ன நினைப்பார்கள்? ராஜகுருவைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். தவசிலிங்கத்துக்கும் அது தெரியும். இன்னும் ஒரு புளுகு புளுகினால் நாய் மிஞ்சும், கல்யாணம் மிஞ்சாது. மேலே ஏற்றினால் நாய் போகிறது, கீழே இறக்கினால் மகள் வாழ்க்கை போகிறது. நடுவில் ஒரே ஒரு வழிதான் பாக்கி. அந்தப் பக்கம் அவர் போய்ப் பழக்கமில்லை.

எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"சம்பந்தி, தங்கச்சி, ரெண்டு பேரும் மன்னிச்சிருங்க. நாலு வரனும் பொய். ஒங்க வரன்தான் மொத வரன். பானை பொய், செவுரு பொய். அந்தக் கீறல் மழையில வந்தது. அன்னைக்கு மில்லுல சொன்னதும் பூராப் பொய். மந்திரி முயலைப் பாத்தா என் காலுக்கு நடுவுல வந்து நிப்பான். அவன் சுத்தக் கன்னியும் கெடையாது, அவன் ஆத்தா மட்டும்தான் பாதிக் கன்னி. கெடைக்காரர் ஒருத்தர் மழைக்கு மில்லுல ஒதுங்குனார். அவருக்கு இருபது கிலோ கம்பு அரைச்சுக் குடுத்தேன். கூலிக்குச் சில்லறை இல்ல. 'இந்தக் குட்டி வேட்டைக்கும் ஆகல, காவலுக்கும் ஆகல, நீரு வச்சுக்கிரும்'னு விட்டுட்டுப் போயிட்டார். அந்தக் கூலி இருபத்தஞ்சு ரூவாதான் அவன் வெல. நான் சொல்றது சத்தியம்."

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பு லேசாகிவிட்டது. உண்மை பேசினால் இப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

வெயிலுமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார். "ஏம்மா, நீங்க இந்த ஊர்தான? அன்னைக்கு மில்லுலயும் இருந்தீக. நீங்க சொல்லுங்க. இவர் சொல்றது நெசமா?"

கேட்டது குருவம்மாவை. தவசிலிங்கம் நிம்மதியாக மூச்சு விட்டார். ஆயுசு முழுக்க "அளக்காத, அளக்காத" என்று சொன்னவளாயிற்றே. இவளை விடத் தோதான சாட்சி ஊரில் உண்டா?

குருவம்மா தவசிலிங்கத்தைப் பார்த்தாள், ராமுத்தாயின் கலங்கிய கண்ணைப் பார்த்தாள். நல்ல சம்பந்தம் கண் முன்னால் கவிழப் பார்க்கிறது. நாயைக் கொடுக்க மனசில்லாமல் இந்த மனுஷன் இன்னொரு புளுகை உளறிக் கொட்டுகிறான், ஊர் சேர்ந்துதான் தூக்கி நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

"அண்ணனுக்குத் தன்னடக்கம் சாஸ்தி," என்றாள். "நாயைப் பத்தி ஒரு வார்த்தை பெருமையாச் சொன்னாக் கூட அதுக்குக் கூச்சம் வந்திரும். யானைய நான் இந்தக் கண்ணால பாத்தேன். கெடைக்குள்ள ஆட்டோட ஆடா அசை போட்டுக்கிட்டிருந்துச்சு. வாலு மட்டும் வேலிக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. நான்தான் உள்ள மடிச்சு விட்டேன்."

"குருவம்மா!" என்று அலறினார் தவசிலிங்கம்.

"அண்ணே, நீ சும்மா இரு."

சங்கிலி தொண்டையைச் செருமினார். அவருக்கும் ஊர் மானம் உறுத்தியது. "அந்த மலையடிப்பட்டி பஸ்ல நான்தான் கண்டக்டரு. நாய் எங்களத் தாண்டிப் போச்சு. செத்த நேரங்கழிச்சு நெழலு போச்சு. அதுக்கு அப்புறம்தான் எங்களுக்குக் காத்தே அடிச்சுச்சு. பஸ்ல ஒரு பொம்பள வாந்தி எடுத்திருச்சு, அம்புட்டு வேகம். அது பேரு கூட எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தப் பொம்பள பேரு கெட்டுப் போயிருமேன்னு சொல்லாம விடுறேன்."

தவசிலிங்கம் வாயைப் பிளந்தபடி நின்றார். முப்பது வருஷமாகத் தான் சொல்லிச் சொல்லி நிற்காத கதை, இவர்கள் வாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. அதிலும் வாலை மடித்து விட்டது அவருக்கே தோன்றாத சங்கதி. அந்த அவஸ்தையிலும் கொஞ்சம் பொறாமை வந்தது.

வெயிலுமுத்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சம்பந்தி, ரெட்டை மோட்டாரு மில்லைக் கூட நான் நம்பிருவேன். இருபத்தஞ்சு ரூவா நாயின்னீகளே, அதுதான் நீங்க சொன்னதுலயே பெரிய புளுகு."

கடைசியாக ஒரே ஒரு ஆள் பாக்கி. தவசிலிங்கம் கதவுப் பக்கம் திரும்பினார். சின்ன வயதிலிருந்து பொய் சொல்லத் தெரியாத பெண். பென்சில் தொலைந்தால் கூட, நான்தான் தொலைத்தேன் என்று வந்து நிற்பாள்.

"கனி, நீயாச்சும் சொல்லும்மா. அப்பா சொல்றது உண்மைதான?"

சித்திரைக்கனி வெளியே வந்தாள். இந்தக் களேபரத்தில் மந்திரி எப்போதோ பக்கத்து மில்லிலிருந்து எழுந்து வந்து அவள் காலடியில் படுத்திருந்தான். குனிந்து அவன் தலையில் இருந்த மாவைத் தட்டினாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"யானை வந்தப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன்ப்பா," என்றாள். "மத்ததெல்லாம் நெசம்தான். திருடனுக்கு டீ வாங்கிட்டு வந்ததே நான்தான்."

தவசிலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்கு நாய் வேண்டும். தெரியாத ஊர், தெரியாத வீடு, காலையில் எழுந்தால் ஒரு முகம் கூடத் தெரிந்த முகமாக இருக்காது. அங்கே தெரிந்த ஜீவன் ஒன்று காலடியில் கிடக்கட்டும் என்றுதானே அந்தக் காலத்துப் பெண்கள் நாயோடு போயிருப்பார்கள்? தன்னுடைய கதைகளைக் கேட்க ஆள் போய்விடுமே என்று அவர் தவித்தாரே தவிர, பெண்ணின் தவிப்பு அவருக்குத் தட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதே சமயம், முதல் புளுகையே என்ன அழகாகப் புளுகிவிட்டாள் என்று பெருமையாகவும் இருந்தது.

"கூட்டிட்டுப் போங்க சம்பந்தி," என்றார். "நல்ல நாய்."

தட்டு மாற்றினார்கள். வைகாசியில் முகூர்த்தம் என்று முடிவானது. பவுனுத்தாய் பெண்ணுக்குப் பூ வைத்தாள், மந்திரிக்கும் ஒரு முழம் கழுத்தில் சுற்றினாள். மந்திரி அதில் பாதியைத் தின்றான். வேன் புறப்படும்போது வெயிலுமுத்து தலையை வெளியே நீட்டி, "சம்பந்தி, நாயைப் பாக்குற சாக்குலயாவது மாசம் ஒருதரம் வாங்க. எங்க ஊர்லயும் கரண்ட் போகும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு தவசிலிங்கம் மில்லுக்குள் போய் மந்திரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "டேய், ஒலகத்துல எந்த நாய்க்காச்சும் ஒரு மாப்பிள்ளைய வெலையாக் குடுத்திருக்காகளா? ஒனக்குக் குடுத்திருக்காக," என்றார். மந்திரி கேட்டுக்கொண்டான். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

காப்பிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் குருவம்மா கையைத் துடைத்தபடி வந்தாள். முகத்தில் பெரிய காரியம் சாதித்த களை.

"எப்படிண்ணே நம்ம சாட்சி? கல்யாணத்தை நிறுத்திப்புடுவியோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

"அடிப்பாவி," என்று துள்ளி எழுந்தார் தவசிலிங்கம். "முப்பது வருசமா நான் சொன்ன ஒன்னையும் நம்பாதவ, இன்னைக்கு யானை வாலை மடிச்சு விட்டேங்குறியே! அம்புட்டு பேருக்கு முன்னால, என் ஆயுசுலயே மொத தடவையா உண்மையச் சொன்னேனே, அது ஒனக்குத் தெரியலையா?"

குருவம்மா அரைக்கக் கொடுத்திருந்த மிளகாய் டின்னை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிண்ணே தெரியும்? இதுக்கு முன்னால ஒருதரமாச்சும் சொல்லியிருந்தாத்தான எங்களுக்கும் அடையாளம் தெரியும்?"